பெருவிரல்

கண்டாவளைப் பிரதேச செயலக மண்டபத்தில்
இரண்டு நாள் பயிற்சி.
பாடசாலை ஆலோசகர், குடும்பநல மாது, கிராம அலுவலர்,
தருமபுரம் பொலிஸிலிருந்து சார்ஜன்ட் ஹேரத்,
கடைசி வரிசையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே, நான்:
நன்னடத்தை உத்தியோகத்தர் சுகிர்தமலர்.

வைத்தியர் தன் கையை உயர்த்தினா.
"பெருவிரலை உள்ளே மடியுங்கோ. இது பயம்.
கச்சான் பருப்பளவு, பேச்சு விளங்காது.
நாலு விரலாலும் பொத்துங்கோ.
இது நெற்றிக்குப் பின்னால இருக்கிற நிதானம்,
முற்ற இருபத்தைந்து வயது செல்லும்.
விரல் நாலும் துள்ளித் திறந்தால்
அறிவுரை சொல்லாதேங்கோ.
கேட்க அங்க ஆளில்லை."

ஹேரத் தன் முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்ப பொலிஸ் எப்பவும் சாந்தம் தானே, மிஸ்."
சிரித்தோம். தேநீரோடு ரோல்ஸ் தந்தார்கள்.

மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை,
நிலக்சனை அவர்தான் கூட்டி வந்தார்.
பதினேழு வயது. லொறி வில்லுத்தகட்டை
லேத் கடையில் தீட்டி வாளாக்கினவன்.
வாளை ஒருவர்மேலும் வீசவில்லை, இதுவரை.
வீசினது கல்: பேருந்துக் கண்ணாடிக்கு,
அதிபரின் மோட்டார் சைக்கிளுக்கு,
ஒருநாள் தன் வீட்டுக் கூரைக்கே.

படிவத்தில் "குற்றத்துக்கான காரணம்" என்றொரு கட்டம்.
ஒன்றரை வரி கொள்ளும்.
"பிறந்த இடம்" கேட்டபோது தாய் சொன்னது:
"மாத்தளன் போற வழி. என்ன ஊரெண்டு எழுத?"

அந்த வருசத்துப் பிள்ளைகள்
பாலுக்கு முதல் சத்தம் பழகினவை
என்று எழுதப் போனேன். விட்டுவிட்டேன்.
அதே கிழமை, அதே வழியில் பிறந்த ஒருத்தி
கணிதப் பிரிவில் படிக்கிறாள், நாய்க்கும் கல்லெறியாதவள்.
மூளை சாட்சி சொல்லும்.
தீர்ப்பு எழுதாது.

"வாள் ஆருக்கு?"
அவன் சுவர்க் கலண்டரைப் பார்த்தான்.
"ஆருக்கெண்டு கேக்கிறன்!"
என் குரல் எனக்கே பிடிக்காத உயரத்துக்குப் போனது.
ஆறு விநாடி பொறுக்கச் சொல்கிறது பயிற்சித் தாள்.
மூன்றாவது விநாடியில்
ஏ முப்பத்தைந்து வீதியில்
மணல் டிப்பரின் டயர் வெடித்தது.

நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.
எப்படி வந்தேன் என்று தெரியாது.
கன்னத்தில் சீமெந்துத் தூசி.
ஒரு கை என் பின்தலையில்,
மறுகை
இப்போது இல்லாத ஒரு பிள்ளையின் தலைமேல்.
வாசலில் ஹேரத், துப்பாக்கி உறையைப் பிடித்தபடி,
உதடு வெளிறி. அவருக்கும் ஏதோ ஒரு காவலரண்,
ஏதோ ஓர் இரவு இருக்கும்.
நான் கேட்டதில்லை. என்னையும் அவர் கேட்டதில்லை.

நிலக்சன் கதிரையைத் தள்ளிக் குந்தினான்,
தொடாமல், கிட்டவும் வராமல்.
"டயர் அக்கா. டயர்தான்."
இத்தனை கிழமையும் நான் "மிஸ்."

தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் உருட்டினான்.
பிறகு கையை நீட்டினான்.
போன கிழமை நான் காட்டித் தந்தபோது
கொட்டாவி விட்டவன்,
பெருவிரலை உள்ளே வைத்து
ஒவ்வொரு விரலாகப் பொத்திக்கொண்டு எண்ணினான்.
ஆறில் ஒன்றும் நடக்கவில்லை.
இருபத்திமூன்றில் எனக்கு மூச்சு வந்தது.

ஹேரத் ரோட்டுக்குப் போய் மூன்று பிளேன்ரீ வாங்கி வந்தார்.
சீனி கூட. ஒருவரும் சொல்லவில்லை.

வாள் ஆருக்கென்று அவன் இன்னும் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை நீதிமன்றுக்கு அறிக்கை போக வேண்டும்.
அந்த ஒன்றரை வரி வெறுமையாகவே கிடக்கிறது.
பின்னேரம் ஐந்து மணி, மேசைமேல் என் முஷ்டி,
இன்னும் பொத்தியபடி.

பேனை பிடிக்க
பெருவிரல் வெளியே வர வேண்டும்.